கறுத்த மீனைப் பிடிக்கச் சொன்னவர்களுக்கு

2025 ஜூலை 19, சனிக்கிழமை. குற்றாலத்தில் தங்கும் விடுதி நடத்தும் ஆவுடைநாயகம் அவர்கள், தம்மிடம் ஒன்பது ஆண்டுகளாக வேலை பார்த்த என் மனைவி இசக்கிசெல்வியை, வரவேற்பறைத் தொட்டியில் இருந்த மீனுக்குச் செய்வினை வைத்து அதைக் கறுக்கச் செய்தாள் என்று பணியாளர்கள் முன்னிலையில் கூறி வெளியேற்றினார். இதுவே என் குற்றச்சாட்டு.

அவள் யார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். சுந்தரபாண்டியபுரத்தில் நாற்று நடும் குடும்பத்தில் பிறந்தவள். என்னை மணந்து இங்கே வந்தபின், விடுதியில் எண்ணெய்க் குளியல்காரர்கள் படுத்தெழுந்த விரிப்புகளைத் துவைத்துத் துவைத்துக் கை வெளுத்தவள். அதிர்ந்து பேசமாட்டாள்.

கடல்மீன் தொட்டி அமைப்பது என் தொழில். யாரிடமும் பயிலவில்லை, படித்துக் கற்றேன். தை மாதம் ஆவுடைநாயகம் அவர்கள் அந்தத் தொட்டிக்கு இரண்டு மஞ்சள் மீன் குஞ்சுகளை வாங்கி வந்தார். விற்றவர் இரண்டையுமே, கடைசிவரை மஞ்சளாகவே இருக்கும் யெல்லோ டேங் இனம் என்றிருந்தார். ஒன்றுக்கு வாய் நீண்டு குவிந்து, முதுகுத் துடுப்பு பாய் விரித்ததுபோல் உயர்ந்திருந்தது. அது யெல்லோ டேங்தான். மற்றதற்கு முகம் உருண்டை, துடுப்பு தாழ்வு. அது ஆரஞ்சு ஷோல்டர் டேங். குஞ்சில் மட்டுமே மஞ்சள். வளர வளரக் கறுக்கும். இதை அவரிடம் சொன்னேன்.

"ரெண்டும் மஞ்சளாத்தான இருக்கு. நீ என்னலே, மீனுக்குச் சாதகம் கணிக்கியா?" என்று சிரித்தார்.

சொன்னதைத் தேதியிட்டு எழுதிக் கொடுத்து, நகலில் அவருடைய கையொப்பம் வாங்கிக்கொண்டேன். அது என் வழக்கம்.

ஆனியில் அருவியில் வெள்ளம் வந்து குளிக்கத் தடை போட்டார்கள். அறைகள் காலியாயின. அதே வாரம் அவருடைய மகளுக்குப் பேசியிருந்த சம்பந்தம் முறிந்தது. தொட்டியில் ஒரு மீன்மேல் சாம்பல் படரத் தொடங்கியது. அதே நீர், அதே தீனி. மற்றது மஞ்சளாகவே இருந்தது. உலர்ந்த கடற்பாசியைக் கையில் வைத்து ஊட்டுபவள் இசக்கிசெல்வி. கறுக்கிற மீன்தான் முதலில் அவள் விரலுக்கு வரும்.

"கண்ணு வச்சவளத் தேடி வருது பாத்தியளா" என்றாள் சமையற்கட்டுச் சங்கரம்மாள். அன்று முதல் என் மனைவிக்குத் தேநீர் தனித் தம்ளரில் வந்தது.

அந்தச் சனிக்கிழமை, கையொப்பமிட்ட நகலை எடுத்துக்கொண்டு விடுதிக்கு ஓடினேன். அவர் அதை இரண்டு முறை படித்தார்.

"கறுக்கும்னு தையிலயே எழுதிருக்க. ஒனக்கு எப்படிலே தெரியும்?"

"படிச்சதுதான் அண்ணாச்சி."

"படிச்சதா, வச்சதா?" சுற்றி நின்றவர்கள் பக்கம் திரும்பினார். "புருசன் எழுதுதான், பொண்டாட்டி முடிக்கா."

யாரும் சிரிக்கவில்லை. நகலை மடித்துத் தம் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் கோடாங்கியை வரவழைத்துக் குறி கேட்டார்கள். வருகிற ஆடி அமாவாசையன்று, ஊரார் முன்னிலையில் அவள் கறுத்த மீனைக் கையில் இறுகப் பிடித்துச் சத்தியம் செய்ய வேண்டும். கையில் ரத்தம் வராவிட்டால் அவள்மேல் குற்றமில்லை என்றார் கோடாங்கி. இந்த மீனுக்கு வாலடியில் இருபுறமும் அறுவைக் கத்திபோல் மடங்கிய முள் உண்டு. பிடித்தால் விரியும். யார் பிடித்தாலும் அறுக்கும். கோடாங்கியைத் தனியே அழைத்து இதை விளக்கினேன்.

"சுத்தமானவள அறுக்காதுலே" என்றார்.

போக வேண்டாம் என்று வீட்டில் சொன்னேன்.

"போவலன்னா ஆமான்னு ஆயிரும்லா. பொறவு வீரகேரளம்புதூர்ல அக்கா மக கல்யாணத்துல நான் எங்கன நிக்க?" என்றாள் இசக்கிசெல்வி. தன் உள்ளங்கைகளைப் பார்த்துவிட்டு, "எந்தக் கையில பிடிக்கணும்னு சொன்னாவளா?" என்று கேட்டாள்.

அமாவாசை ஜூலை 24, வியாழக்கிழமை. அந்த முள் இருப்பது தமக்குத் தெரியுமா, தெரிந்தேதான் அவளைப் பிடிக்கச் சொல்கிறாரா என்பதற்கு ஆவுடைநாயகம் அவர்கள் 23ஆம் தேதி மாலைக்குள் எழுத்துமூலம், கையொப்பமிட்டு, எனக்குப் பதில் தர வேண்டும்.

பிச்சைமணி