ஆவரேஜில் சேராத காலர்கள்

அந்தச் சட்டைக் கம்பெனியில் லைன் சூப்பர்வைசருக்கு ‘டெஸ்ட் மேட்ச்’ என்று பெயர். தையல்காரப் பெண்கள் வைத்தது. நாள் கணக்கில் இழுத்தாலும் இவரிடம் ஒரு முடிவும் தேறாது என்ற பொருளில் வைத்தார்கள். அவரோ அதைப் பட்டம் என்று நினைத்துக் காலரைத் தூக்கி விட்டுக்கொண்டு திரிந்தார்.

கேன்டீனில் அவருடைய மேசையில் தெரியாத்தனமாக உட்கார்ந்தவர்கள் பாவம். பேச்சு எங்கே தொடங்கினாலும் டெஸ்ட் ஆட்டக்காரர்களின் சராசரியில்தான் வந்து நிற்கும். நாற்பத்தொன்று சராசரி வைத்திருந்த பழைய ஓப்பனர் ஒருவர்தான் அவருக்குத் தெய்வம். ஐம்பத்திரண்டு வைத்திருந்த இன்னொருவரைப் பற்றி யாராவது வாயெடுத்தால் போதும், மெல்லுவதை விழுங்காமலே பிடித்துக்கொள்வார்.

“ரெண்டு பேரையும் ஒரே தராசுல வைக்காதீங்கய்யா! அந்த அம்பத்திரண்டு ஆறாவதா வர்றவன். அவன் உள்ள வர்றப்போ பந்து பழசு, பவுலருக்கு நாக்குத் தள்ளியிருக்கும். நாட் அவுட்டை வேற அள்ளிப் போட்டுக்கிட்டான். நம்ம ஆளு? புதுப் பந்து, பச்சைப் புல்லு, மறுமுனையில நிக்க நாதி கிடையாது. முழங்கால் போன பிறகும் வேற ஆளில்லன்னு ஆட வச்சு அவன் ஆவரேஜைக் கரைச்சாங்க. அப்புறம் அதையே காட்டித் தூக்கிட்டானுங்க. செலக்டருங்களாம் செலக்டருங்க! கண்ணிருந்தும் குருடனுங்க!”

உண்மையைச் சொன்னால், பேச்சில் தப்பே இல்லை. அதுதான் வயிற்றெரிச்சல்.

அவருடைய லைனில் காலர் தைத்தது அவருடைய சொந்த அண்ணி. காலரின் இரண்டு முனையும் ஒன்றுபோல் கூராக வர வேண்டும். கட்டம் போட்ட துணியானால் கோடு கோட்டோடு சேர வேண்டும். சட்டையின் கீழ்மடிப்பு தைப்பவர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை, நேராக ஓட்டிக்கொண்டே போகலாம். இது போதாதென்று, மற்றவர்கள் சொதப்பியதெல்லாம் பிரித்துத் திரும்பத் தைப்பதற்காக ‘ஆல்டர்’ என்ற பெயரில் திரும்பி வரும். அவற்றைச் சூப்பர்வைசர் உறவு கொண்டாடி அண்ணி மடியில்தான் கொட்டுவார்.

“அண்ணி, நம்ம வீட்டு மானம். இதை மட்டும் முடிச்சுக் குடுத்துடுங்க.”

அண்ணியும் முகம் சுளிக்காமல் முடித்துக் கொடுப்பார். ஆனால் அந்த உழைப்பு அவர் கணக்கில் ஏறாது. முதலில் சொதப்பியவளின் கணக்கில்தான் அந்தச் சட்டை ஏற்கெனவே ஏறியிருக்குமே.

ஆர்டர் குறைந்தது. லைனுக்கு ஒருவரைக் குறைக்கச் சொன்னது ஆபீஸ். மணிக்குச் சராசரியாக ஆகக் குறைவாகத் தைப்பவர் போகவேண்டும். ஆட்சேபம் இருந்தால் சூப்பர்வைசர் சொல்லலாம். கடைசி இடத்தில் இருந்தது அண்ணி. அண்ணனோ இடுப்பு எலும்பு முறிந்து கட்டிலில் கிடந்தார். அந்த வீட்டில் அடுப்பு எரிந்ததே அண்ணியின் சம்பளத்தில்தான்.

சூப்பர்வைசர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொந்தக்காரியைக் காப்பாற்றுகிறான் என்று மேலே யாராவது நினைத்துவிட்டால் தன் பதவி உயர்வு என்னாவது என்று பயந்தார். வாயை மூடிக்கொண்டார். அதற்கு நேர்மை என்று பேரும் வைத்துக்கொண்டார்.

“அண்ணின்னுகூடப் பாக்கலையே நான்!” என்று கேன்டீனில் மார்தட்டினார். அந்த நேர்மையை வைத்துக்கொண்டு ஒரு பட்டன்கூடத் தைக்க முடியாது.

கீழ்மடிப்பில் முதலிடம் பிடித்திருந்தவளைக் காலர் மெஷினில் உட்கார வைத்தார். அவளைச் சொல்லிக் குற்றமில்லை, பழகாத வேலை. ஒரு முனை கிளிமூக்கு, மறு முனை மொட்டை. ஒரே வாரத்தில் ஆல்டர் கூடை நிரம்பி வழிந்தது. மறுநாள் சரக்கு ஏறாவிட்டால் தோலை உரித்துவிடுவேன் என்றார் மேனேஜர்.

அன்று சாயங்காலம் காலர்களை ஒரு பையில் திணித்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனார். வெட்கம் என்று ஒன்று இருப்பவன் படியேறுவானா? இவர் ஏறினார். அண்ணன் கட்டிலில் சாய்ந்து டிவியில் டெஸ்ட் ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். ஜன்னலோரம் அண்ணி பக்கத்து வீட்டுத் தலையணை உறைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தார்.

“அண்ணி, இந்த ஒரு தடவை மட்டும். இல்லைன்னா என் வேலையே போயிடும்.”

அண்ணி மெஷினை நிறுத்தினார். “என் வேலை போனப்ப என்ன செஞ்சீங்க தம்பி?”

“அது ஆபீஸ்ல கேட்ட ஆவரேஜ், அண்ணி. நான் என்ன பண்ண முடியும்? அவங்களுக்கு நம்பர்தானே தெரியும்…”

“அவங்களுக்குத் தெரியாது, ஒத்துக்கறேன். அடுத்தவங்க கெடுத்ததையெல்லாம் என் மடியில கொண்டுவந்து கொட்டினது யாரு? என் நம்பர் எதனால கம்மின்னு அந்தக் கம்பெனியில தெரிஞ்ச ஒரே ஆளு நீங்கதான். தெரிஞ்சேதான் வாயைத் திறக்கல.”

  சூப்பர்வைசர் அண்ணன் பக்கம் திரும்பினார்.

“அண்ணே, நீயாவது சொல்லேன்.”

அண்ணன் டிவியை அணைத்தார். கைத்தடியை ஊன்றி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தார். அந்தப் பையை எடுத்துப்போய், கதவோரம் கிடந்த தம்பியின் செருப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.