ஒரே இழுப்பில் ஓர் இமை

என் வலது கை நடுங்கத் தொடங்கிய மழைக்காலத்தில் எனக்கு இருபத்து நாலு வயது. விருத்தாசலம் பீங்கான் பேட்டையில் பொம்மை செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் கண் எழுதுகிற மேசை என்னுடையது. அச்சில் வார்த்து, ஸ்பாஞ்சால் துடைத்து, சுட்டு, பளபளப்புக்குக் கிளேஸ் போட்டு, உடைக்கும் உதட்டுக்கும் கலர் தீட்டி, எல்லாம் முடிந்து கடைசியாக என்னிடம் வரும். கண் எழுதியதும் மறுபடி ஒரு சின்ன நெருப்பு. அதற்குப் பிறகு எதையும் அழிக்க முடியாது.

வீட்டில் நான் ஓரிடத்தில் இருக்க மாட்டேன். பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிடுவேன். பஸ்ஸில் இறங்கவேண்டிய நிறுத்தத்துக்கு முந்தைய நிறுத்தத்திலேயே இறங்கி நடப்பேன். ஏன் என்று கேட்டால் தெரியாது. உள்ளே ஏதோ ஒன்று செருப்பைத் தேடிக்கொண்டே இருக்கும். அந்த மேசையில் மட்டும், பிரஷ் நுனியில் ஒரு துளிக் கறுப்பு நிற்கும்போது மட்டும், அதுவும் நிற்கும். அதனால்தான் நடுக்கத்தை மறைத்தேன். தெரிந்தால் மேசை போய்விடும்.

இரண்டு பேருக்குத் தெரிந்துவிட்டது. பக்கத்து மேசையில் உதட்டுக் கலர் போடும் அக்கா ஒருத்தி. பெண்ணாடத்துப் பக்கம், கிறிஸ்தவக் குடும்பம், என்னைவிட இரண்டு வயது பெரியவள். இன்னொருவன் அச்சு வார்க்கிறவன், என் வயதுக்காரன். விழுப்புரம் பக்கம் எங்கோ ஒரு கூட்டத்துக்குப் போய்விட்டு வந்தவன், இனிமேல் நான் பௌத்தன் என்று சொல்லிக்கொண்டிருந்தான். சாப்பாட்டு வேளையில், அச்சில் ஊற்றுகிற மண் குழம்பான சிலிப்பின் தொட்டிக்குப் பக்கத்தில் சாக்கை விரித்து உட்கார்ந்து மூச்சை எண்ணுவான்.

டீ நேரத்தில் இரண்டு பேருக்கும் வழக்கு நடக்கும்.

“உங்காளு கண்ண மூடிக்கினு குந்தியிருக்காரு. நாம அழுவறது அவருக்கு எப்படிடா தெரியும்?” என்பாள் அக்கா.

“தெரிய வேணாங்க்கா. கேக்க ஒருத்தரு இருக்காருன்னா நீ அழுதுக்கினேதான் இருப்ப.”

அவள் சிரிப்பாள். சிரித்துக்கொண்டே முந்தானைக்குள் ஜெபமாலையின் அடுத்த மணிக்கு விரல் நகரும்.

என் கைக்கு இரண்டு பேருமே வைத்தியம் சொன்னார்கள். மனுசர் தன்னைத் தானே சுத்தமாக்கிக்கொள்ள முடியாது, வெளிச்சம் மேலேயிருந்து வரவேண்டும், நீ வாயைத் திறந்து கேட்டால் போதும் என்றாள் அவள். கொடுக்கிறவர் யாரும் இல்லை, நடுக்கம் நிற்கவேண்டும் என்று நினைக்கிறாயே, அந்த நினைப்பே ஒரு நடுக்கம்தான், அதைப் பார், பார்த்தால் எண்ணெய் தீர்ந்த விளக்கு மாதிரி தானாக அணையும் என்றான் அவன். ஒருத்திக்கு ஏற்றவேண்டிய விளக்கு, ஒருவனுக்கு அணையவேண்டிய விளக்கு. எனக்கு இரண்டும் கூடவில்லை. ஜெபித்தால் என் குரலை நானே ஒட்டுக்கேட்கிற மாதிரி இருந்தது. மூச்சை எண்ணினால் ஏழாவதில் திட்டக்குடி பஸ்ஸின் ஹாரன் கேட்டது. எந்தப் பஸ் எங்கே போனாலும் என்னை விட்டுவிட்டுப் போகிற மாதிரியே எனக்கு இருக்கும்.

அந்த மாதம் இரண்டு ஆர்டர்கள் சேர்ந்து வந்தன. வேளாங்கண்ணிக் கடைகளுக்கு மாதா. புதுச்சேரிக் கடை ஒன்றுக்கு நாற்பது புத்தர்.

மாதாவில் எனக்குச் சங்கடம் இல்லை. திறந்த கண் இரக்கமுள்ளது. முதலில் இமை, அதற்குள் வெள்ளை, அதற்குள் மணி. ஒன்றில் கை பிசகினால் அடுத்தது மூடிக்கொள்ளும். புத்தரின் கண் அப்படியில்லை. தாழ்ந்த இமை. ஒரே கோடு, ஒரே இழுப்பு, ஒளிய இடமில்லை. முதல் ஆறு புத்தர்களைத் துணியால் துடைத்துத் துடைத்து எழுதினேன். ஏழாவதில் கோடு புழுவாக நெளிந்தது. அதன் அடியில் ஒரு புள்ளி வைத்தேன். புள்ளியைச் சுற்றி வெள்ளை. நெளிவு காணாமல் போயிற்று. மாதாவுக்குப் பழகிய கை மடமடவென்று ஓடியது. சாயங்காலத்துக்குள், மறுபடி துடைத்து எழுதிய அந்த முதல் ஆறு உட்பட நாற்பது புத்தர்களும் கண்ணை நன்றாகத் திறந்துகொண்டு நெருப்புக்குள் போனார்கள்.

மறுநாள் காலை சூளையைப் பிரித்தவன் அச்சு வார்க்கிறவன். சூடு ஆறாத ஒரு புத்தரைத் துணியில் பிடித்து என் மேசையில் வைத்தான்.

“என்னம்மா, இவுரு யாரத் தேடறாரு?”

அக்கா முதலில் சிரித்தாள். பிறகு என் கையைப் பார்த்தாள்.

சூப்பர்வைசர் பத்து மணிக்கு வருவார். நான் பொய் ஒன்று தயாராக வைத்திருந்தேன். மாதிரிப் படம் எனக்குக் கொடுக்கவில்லை என்பது. அதைச் சொன்னதும் இரண்டு பேரும் ஒரேயடியாக வேண்டாம் என்றார்கள். அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒரு முறைதான். அதிலும் வழி வேறு.

“அவரு கேக்கறதுக்கு முன்னாடி நீயே சொல்லிடுடி. சொல்லிட்டா அது உம்மேல இருக்காது,” என்றாள் அக்கா.

“சொல்லு, சொல்லாம போ. மொதல்ல நீ பாரு. எத மறைச்ச, நெளிஞ்ச கோட்டையா, உன் கையையா?” என்றான் அவன்.

அவளுக்கு மன்னிக்கிற ஒரு காது வேண்டும். அவனுக்குத் தப்பிக்க விடாத ஒரு கண் போதும். எனக்கோ கை வேண்டியிருந்தது, பழைய கை. அவர் வருவதற்கு இருந்த அரை மணி நேரத்தில் நாலு முறை தண்ணீர் குடிக்க எழுந்தேன்.

அவர் வந்ததும் நானே போய்ச் சொன்னேன். கை நடுங்குது சார், மறைக்கத்தான் அப்படிச் செய்தேன் என்று. அவர் கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது. உபரியாக வார்த்ததில் கண் எழுதாத புத்தர் ஒன்றை எடுத்துவரச் சொல்லி மேசையில் வைத்தார். “ஒண்ணு போடும்மா, பாப்போம்.”

வேலை நின்றுவிட்டது. அக்காவின் உதடுகள் அசைந்தன. மூச்சைப் பார்க்கச் சொன்னவன் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். நான் என்ன செய்தேன் என்று சொன்னால் இரண்டு பேருமே திட்டுவார்கள். அவளுடைய ஆண்டவரை அவனுடைய கணக்கில் கூப்பிட்டேன். ஒன்று, ஆண்டவரே. இரண்டு, ஆண்டவரே. மூன்றில் பிரஷை இழுத்தேன்.

கோடு நடுங்கியது. வெள்ளாடு போன வரப்பு மாதிரி ஏறி இறங்கிப் போய் முடிந்தது. புள்ளி வைக்கக் கை துடித்தது. வைக்கவில்லை. பிரஷைக் கீழே வைத்தேன்.

அவர் புத்தரை வெளிச்சத்துப் பக்கம் திருப்பிப் பார்த்தார். “எப்பலருந்தும்மா இப்படி?”

“மழ ஆரம்பிச்சதுலருந்து சார்.”

மறுநாளிலிருந்து என்னை ஸ்பாஞ்சு பெஞ்சுக்கு மாற்றினார். கண் திறந்த நாற்பது பேரும் ஸ்டோர் ரூமுக்குப் போனார்கள். அங்கே வேலை பார்த்தவர்களுக்கு அத்தனை பேர் முறைப்பது பொறுக்கவில்லை. யாரோ எல்லாரையும் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தார்கள்.

அக்காவுக்கு அன்று அவளுடைய ஆண்டவர் மேலேயே கோபம். மேசை உனக்கே இருக்கணும்னு கேட்டேன்டி, தரல என்றாள். ஆனால் மத்தியானம் விரல் மறுபடி மணிகளில் நகர்ந்தது. தராதவரிடம் இன்னும் என்ன பேச்சு என்று கேட்டேன்.

“ஊட்டுக்காரரு கேட்டத வாங்கியாரலன்னா பேசாமயா இருந்துடறோம்?”

அவனிடம் நகம் கடித்ததைச் சொல்லிக் காட்டினேன். ஒப்புக்கொண்டான். உன் கோடு போகப் போக நான் மூச்சையே மறந்துட்டேன் என்றான்.

“அப்ப தோத்துட்ட.”

“மறந்தத பாத்துட்டன்ல. திரும்ப ஒண்ணுலருந்து.”

இப்போது நடுவயதில் இதை எழுதுகிறேன். பேனாவும் நடுங்குகிறது. ஞானம் என்று அவர்கள் சொன்னது எப்படியிருக்கும் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்டது கிடைக்காத மத்தியானத்தில் அவளும், எண்ணிக்கை தவறிய மத்தியானத்தில் அவனும் என்ன செய்தார்கள் என்பது மட்டும் தெரியும்.

ஸ்பாஞ்சு பெஞ்சுக்குப் போன அந்த முதல் நாள், என் மேசைக்கு வேறொரு பெண் வந்தாள். அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். என் முன்னால் சுடாத புத்தர்கள், சாம்பல் நிறத்தில், ஈரமாக. அச்சின் இரண்டு பாதிகள் சேர்ந்த தழும்பு காதோரமாக இறங்கும். அதைத் துடைத்து எடுக்க வேண்டும். ஸ்பாஞ்சு நடுக்கத்தைப் பொருட்படுத்தவில்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை. பதினோரு மணிக்கு எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு கேட் வரை போனேன். ரோட்டில் நல்லூர் பஸ் நின்றது. ஏறவில்லை. அது கிளம்புகிறவரை நின்று பார்த்தேன். திரும்பி வந்து, செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, அடுத்ததை எடுத்தேன்.