சித்தப்பா பாட்டு

நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது, உங்கள் சொந்தக்காரர்களிலேயே ரொம்ப நல்லவர் யார் என்று யாராவது கேட்டிருந்தால், யோசிக்காமல் சித்தப்பா என்று சொல்லியிருப்பேன். அம்மாவின் தங்கையைக் கட்டியவர். பெருந்துறையில் சொந்தமாக ஒரு சின்ன கம்பெனி வைத்திருந்தார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. சித்தியை அம்மணி என்றுதான் கூப்பிடுவார். சித்திக்கு வெயில் ஆகாது என்று காய்கறியிலிருந்து ஊசி நூல் வரை அவரே வாங்கி வந்துவிடுவார். தீபாவளிக்குத் துணிக்கடைக்காரர் சேலைகளை மூட்டை கட்டிக்கொண்டு அவர்கள் வீட்டுக்கே வருவார். சித்தி சோபாவில் உட்கார்ந்தபடி விரலை நீட்டினால் போதும். கல்யாணத்துக்கு முன்னால் சித்தி ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அந்த அலைச்சலும் வேண்டாம் என்று சித்தப்பா நிறுத்திவிட்டார்.

நாங்கள் போன் செய்தாலும் அவர்தான் எடுப்பார். "சித்தி தூங்குது கண்ணு, எந்திரிச்சதும் சொல்றேன்" என்பார். எந்நேரமும் தூங்கக் கொடுத்துவைத்தவள் என்று எனக்குச் சித்தியின் மேல் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. அம்மாவுக்கும் இருந்திருக்க வேண்டும். அவரைப் பார்த்துக் கொஞ்சம் கற்றுக்கொள்ளக் கூடாதா என்று அப்பாவிடம் அடிக்கடி சொல்வாள். அப்பா செய்தித்தாளை முகத்துக்கு நேராக உயர்த்திக்கொள்வார்.

சித்தப்பாவுக்கு என்று ஒரு பாட்டு இருந்தது. பழைய சினிமாப் பாட்டு. படத்தில் நாயகிக்குக் காய்ச்சல், வெளியே அடைமழை. நாயகன் ஒவ்வொரு ஜன்னலாகச் சாத்திக்கொண்டே பாடுவான். 'கதவை நானே சாத்துறேன், கண்ணை நீயே மூடம்மா, வெளியே எல்லாம் மழைதானே, உள்ளே நான் இருக்கேனே' என்று வரும். கல்யாண வீடியோவில் அந்தப் பாட்டு, காரில் அந்தப் பாட்டு, போன் அடித்தால் அந்தப் பாட்டு. என் தம்பி கைக்குழந்தையாக இருந்தபோது அம்மா அதைப் பாடித்தான் அவனைத் தூங்கவைத்தாள். எங்கள் வீட்டில் அதற்குச் சித்தப்பா பாட்டு என்றே பெயர். எனக்குக் காய்ச்சல் வந்தால் நானே அதை எனக்குப் பாடிக்கொள்வேன். கேட்டால் கம்பளிக்குள் புகுந்த மாதிரி இருக்கும்.

அந்த வருடம் பெரியப்பாவின் மகள், என் அக்கா, பொள்ளாச்சியிலிருந்து வந்து எங்கள் வீட்டில் தங்கி கோயம்புத்தூரில் கல்லூரி படித்துக்கொண்டிருந்தாள். பாடமே வீடியோ எடுப்பதும் வெட்டி ஒட்டுவதும்தான். பாடம் போக மிச்ச நேரத்திலும் அதையே செய்தாள். ஏதாவது படத்தின் காட்சிகளை எடுத்து, பாட்டோடு தன் இஷ்டத்துக்குச் சேர்த்து யூடியூபில் போடுவாள். முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் அதைப் பார்த்துவிட்டு இதயப் படம் அனுப்புவார்கள். பெரியப்பாவுக்கு இது தெரியாது. எங்களுக்குப் பெருமையாக இருந்தது.

சித்தப்பா, சித்தியின் கல்யாண நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. மதியச் சாப்பாட்டுக்கு இருவரும் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். சாப்பிட்டுவிட்டு எல்லாரும் பாயசத் தம்ளரோடு கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது அக்கா, "சித்தப்பா, உங்க பாட்டுக்கு நான் ஒரு வீடியோ செஞ்சிருக்கேனுங்க" என்றாள். சித்தப்பாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "போடு கண்ணு, டிவியிலயே போடு" என்று நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

முதலில் அதே பாட்டுதான், அதே மழைதான். நிறத்தை மட்டும் அக்கா கழுவிவிட்டிருந்தாள், எல்லாம் சாம்பலாக இருந்தது. குரலையும் கொஞ்சம் மெதுவாக்கியிருந்தாள். நாயகன் ஒரு ஜன்னலைச் சாத்தினான். அடுத்து இன்னொன்று. படத்தில் அந்த இடத்தில் நாயகி சிரித்துக்கொண்டு போர்வைக்குள் சுருண்டுகொள்வாள். இதில் அது இல்லை. படத்தின் கடைசியில் வில்லன் அவளை அடைத்துவைக்கும் காட்சியிலிருந்து அவள் முகத்தை மட்டும் எடுத்து அக்கா இங்கே வைத்திருந்தாள். 'கண்ணை நீயே மூடம்மா' என்று அந்த இதமான குரல் சொன்னபோது, அவள் கண்ணை அகல விரித்துக்கொண்டு சுவரோரமாகப் பின்வாங்கினாள்.

"பேய்ப் படமாட்ட இருக்குது" என்று சித்தப்பா சிரித்தார். அப்பாவும் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாட்டில் ஒரு வார்த்தைகூட மாறவில்லை. இத்தனை நாளும் நான் தூங்கப்போன அதே வார்த்தைகள். நாயகன் புன்னகையோடு தாழ்ப்பாளைப் போட்டான். கதவின் உள்பக்கத்தை இரண்டு கைகள் தட்டின. தட்டும் சத்தம் இல்லை, பாட்டு மட்டும் ஓடியது. 'உள்ளே நான் இருக்கேனே' என்ற வரியோடு திரை கறுப்பானது. என் தம்பி ஓடிவந்து அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

சித்தி தம்ளரைக் கீழே வைத்தாள்.

"இன்னொருக்கா போடு கண்ணு" என்றாள்.

அக்கா போட்டாள். இந்த முறை சித்தப்பா சிரிக்கவில்லை. முடிந்ததும் சித்தி அக்காவைத் திரும்பிப் பார்த்து, "உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள்.

"எது சித்தி? எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. திருப்பித் திருப்பி அந்தப் பாட்டையே கேட்டுட்டு இருந்தேன். ஒரு நா அதுல யாரு யாரை உள்ள வெச்சுப் பூட்டறாங்கன்னு தோணுச்சு, அவ்வளவுதான்."

சித்தப்பா எழுந்து கார் சாவியை எடுத்தார். "நேரமாச்சு அம்மணி, போலாம்" என்றார், எப்போதும் போல மென்மையாக.

"நான் வரலீங்க" என்றாள் சித்தி.

"சரி, இன்னிக்கு உங்க அக்கா ஊட்டுல இருந்துட்டு நாளைக்கு வா."

"நாளைக்கும் வரலீங்க."

அவ்வளவுதான். அழுகை இல்லை, சத்தம் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்க்கக்கூட அங்கே எதுவும் இல்லை. ஆனால் அப்பாவின் முகத்தில் அப்படி ஒரு அதிர்ச்சியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. சித்தப்பா கொஞ்ச நேரம் வாசலில் நின்றார். பிறகு போய்விட்டார்.

அம்மா சித்தியைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போனாள். நான் குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் நின்றேன். சித்தி தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். கம்பெனிக்குப் போகும்போது அவர் முன்பக்கக் கிரில் கதவை வெளியே பூட்டிவிட்டுப் போவாராம். சாவி அவரிடம் மட்டும். போனும் அவரிடம்.

"திருடன் பயமா இருக்கும்" என்றாள் அம்மா.

"மொதல்ல நானும் அப்படித்தானுங்க்கா நெனச்சேன். பக்கத்துப் பஞ்சு குடோன் பத்தி எரிஞ்சன்னிக்குப் புகை ஊட்டுக்குள்ள வந்துபோச்சு. கிரில்லைத் தட்டிட்டே நின்னேன். ரோட்டுல போறவங்க எல்லாம் நெருப்பைப் பாத்துட்டு நின்னாங்க, ஒருத்தரும் என்னையப் பாக்கல. அவரு ஓடியாந்து தொறந்துபோட்டு, என்னையக் கட்டிப் புடிச்சு அழுதாரு. சாயங்காலம் அந்தப் பாட்டைப் போட்டுட்டுத் தலையைத் தடவிவிட்டாரு. அடுத்த நாளும் பூட்டிட்டுத்தானுங்க்கா போனாரு."

அம்மா அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எதற்காக அவள் அப்படி நிற்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. பூட்டுவதில் என்ன தப்பு? நாங்களும் பள்ளிக்கூடம் போகும்போது வீட்டைப் பூட்டிவிட்டுத்தான் போவோம்.

எனக்கு விளங்கியது ஒன்றுதான். காலையில் எல்லாம் நன்றாக இருந்தது, வீடியோவுக்குப் பிறகு எல்லாம் கெட்டுப்போயிற்று. சொந்தக்காரர்களும் அப்படித்தான் பேசினார்கள். பெரியப்பா பொள்ளாச்சியிலிருந்து போனில் கத்திய கத்தல், ஸ்பீக்கரில் போடாமலேயே கூடம் முழுக்கக் கேட்டது. ஒரு கூத்தைப் பார்த்துவிட்டுக் குடும்பத்தை உடைப்பார்களா என்று அப்பாவே இரண்டு நாள் சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா சரியாகச் சாப்பிடவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா தன் அண்ணனோடு வந்தார். கண்கள் சிவந்திருந்தன. சித்திக்குப் பிடித்த மைசூர்பாகு வாங்கிவந்திருந்தார். அவள் என்ன கேட்டு நான் இல்லை என்றேன், கைநீட்டி ஒரு அடி அடித்திருப்பேனா என்று அப்பாவிடம் கேட்டார். உண்மைதான், அடித்ததில்லை. சித்தி உள்ளறையிலிருந்து வெளியே வரவில்லை. யூடியூபில் போட்டிருக்கும் அந்த வீடியோவை நீக்கச் சொல்லுங்கள், எல்லாம் சரியாகிவிடும் என்றார் சித்தப்பா.

அப்பா மைசூர்பாகை ஒதுக்கி வைத்துவிட்டுக் கேட்டார், "கிரில்லைப் பூட்டிட்டுப் போறது நெசமுங்களா?"

"ஆமாங்ணா. பாதுகாப்புக்குத்தானுங்களே."

மறுப்பார் என்று அப்பா எதிர்பார்த்திருக்க வேண்டும். சித்தப்பாவின் முகத்தில் மறைக்க வேண்டிய விஷயம் ஒன்றைச் சொன்ன சாயலே இல்லை. பள்ளிக்கூடத்துக்குக் குடை கொடுத்து அனுப்பினேன் என்பதுபோலச் சொன்னார். அப்பா எழுந்து நின்றார். "அம்மணி இங்கயே இருக்கட்டுமுங்க. நீங்க போயிட்டு வாங்க" என்றார்.

சித்தி அதற்கப்புறம் பெருந்துறைக்குத் திரும்பவேயில்லை. எங்களோடு ஒரு வருடம் போல இருந்தாள். பிறகு பள்ளிக்கூட வேலை கிடைத்து, பக்கத்திலேயே தனியாக வீடு எடுத்துக்கொண்டாள். விவாகரத்து வழக்கு இழுத்து இழுத்து முடிந்தது. இதெல்லாம் பின்னால் நடந்தவை. அந்த இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, சித்தப்பாவின் கார் கிளம்பிப்போன உடனே, நான் நேராக அக்காவிடம்தான் போனேன்.

"அந்த வீடியோவ அழிச்சிருங்க அக்கா. அழிச்சாச் சித்தி அவங்க ஊட்டுக்குத் திரும்பிப் போயிருவாங்க."

அக்கா என்னையே பார்த்தாள். அவளும் களைத்துப்போயிருந்தாள். என் கண் முன்னாலேயே அதை அழித்தாள். யூடியூபில் தேடிப் பார்த்தோம், இல்லை. உலகத்தில் இனி யாரும் அதைப் பார்க்க முடியாது. எனக்கு அப்படி ஒரு நிம்மதி.

சித்தி உள்ளறையில் ஜன்னல் பக்கமாக உட்கார்ந்திருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். "அப்படியா கண்ணு" என்று என் கன்னத்தைத் தடவினாள். சரி என்றுதான் அர்த்தம் என்று எடுத்துக்கொண்டேன். அம்மாவின் பயணப் பையைத் தேடி எடுத்து, ஒரு வாரமாக எங்கள் அலமாரியில் இருந்த சித்தியின் துணிகளை, அம்மா கொடுத்த புடவைகளையும் சேர்த்து, எனக்குத் தெரிந்த மாதிரி மடித்து அடுக்கினேன். ஜிப்பை இழுத்து மூடினேன். இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போய் அவள் காலடியில் வைத்தேன்.

சித்தி பையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு அதைத் திறந்து, துணிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, உதறி, மடித்து, மறுபடியும் எங்கள் அலமாரியிலேயே வைத்தாள்.

நான் மடித்தது சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, பக்கத்தில் நின்று அவள் எப்படி மடிக்கிறாள் என்று கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.