காகிதம் ஒட்டிய செருப்பு

என் கணவருக்குச் சர்க்கரை வந்து பல வருடம் ஆகிறது. பாதம் இரண்டும் மரத்துவிட்டன. முள் ஏறினாலும் தெரியாது. போன வருடம் ஒரு விரலை எடுத்தார்கள். இன்னொரு புண் வந்தால் காலையே எடுக்க வேண்டியிருக்கும், வீட்டுக்குள்கூட வெறுங்காலில் நடக்காதீர்கள் என்று டாக்டர் சொன்னார். இவர் பவ்யமாகத் தலையாட்டினார். என் பேச்சுக்கும் அப்படித்தான் ஆட்டுவார்.

பொறியியல் படிக்கும் எங்கள் மகள் இதற்கொரு வழி கண்டுபிடித்தாள். கார்பன் மை பூசிய காகிதத் துண்டுகளை அவருடைய செருப்பில் பாதம் படும் மேலட்டைக்கு அடியில் ஒட்டினாள். பாதத்தில் எங்கே அழுத்தம் கூடினாலும் காகிதம் அதை உணர்ந்து, ஓரத்தில் பொருத்திய சின்னக் கருவி வழியாக, செருப்பு இருக்கும் இடத்தோடு சேர்த்து அவள் போனுக்குச் சொல்லிவிடுமாம். பச்சை என்றால் நலம், சிவப்பு என்றால் ஆபத்து. இத்தனை வருடம் நான் கத்தியதைக் கேட்காதவர், காகிதம் சொன்னால் கேட்பார் என்று அவளுக்கு நம்பிக்கை.

சித்திரைப் பௌர்ணமி வந்தது. கிரிவலம் போய் அண்ணாமலையைச் சுற்றியே தீருவேன் என்றார்.

"செருப்பக் கழட்டக் கூடாதுப்பா" என்றாள் மகள். அதற்கும் தலையாட்டிவிட்டு, விடிந்ததும் திருவண்ணாமலையை ஒட்டிய எங்கள் வேங்கிக்கால் வீட்டிலிருந்து கிளம்பினார்.

காலை முழுக்க அவள் போனைவிட்டு நகரவில்லை. "அம்மா, அடி அண்ணாமலை தாண்டிட்டாரு. ஒரே பச்சை! அழுத்தமே ஏறல!" அதைப் படம் பிடித்துப் பேராசிரியருக்கு அனுப்பினாள். உடனே கட்டுரை எழுதிவிடலாம் என்று அவர் பதில் போட்டார். வெளியே தார் ரோடு கொதித்துக்கொண்டிருந்தது. விரல் போன மனுஷன் இவ்வளவு அழகாக நடக்கிறாரா என்று எனக்குச் சந்தேகம்தான். விஞ்ஞானத்திடம் வாய் கொடுப்பானேன் என்று ரசம் வைக்கப் போய்விட்டேன்.

உச்சி வெயிலில் ஆட்டோவில் வந்து இறங்கினார். நெற்றி நிறைய விபூதி. ஹாலில் நாற்காலியில் உட்கார்ந்து, துணிப்பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்தார். அதற்கு அடியிலிருந்து செருப்பை எடுத்தார். மலையைச் சுற்றி வந்த நேரமெல்லாம் காகிதம் அந்தப் பாட்டிலைத்தான் அளந்திருக்கிறது.

"செருப்பு போட்டுனு சுத்துனா பாவம் ஜாஸ்தி, புண்ணியம் கம்மி. அதான் கூடவே எடுத்துனு போனேன். என்னா சொல்லுது உன் போனு?"

"பச்சைதாம்ப்பா" என்றாள் மகள்.

"பாத்தியா!" என்று வெற்றியோடு என் பக்கம் திரும்பினார்.

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாசலிலிருந்து நாற்காலி வரை வெள்ளை டைல்ஸில் சிவப்பாகக் காலடிகள். திட்டுவதற்குச் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் எனக்கு மறந்துபோயிற்று. அவரும் குனிந்து பார்த்தார்.

"யாருக்குடி அடிபட்டுச்சு?" என்றார்.