அப்பாவுக்கு ஒரு கசெற்

1986ஆம் ஆண்டுக் குளிர்காலம். ரொறன்ரோவில், சென் ஜேம்ஸ் ரவுண் மாடிக் குடியிருப்பு ஒன்றில் நானும் ஐந்து வயது மகளும் இருந்தோம். கணவர் விசாவுக்காக யாழ்ப்பாணத்தில் காத்திருந்தார். அங்கே வீட்டில் தொலைபேசி இல்லை. மாதம் ஒரு கசெற்றில் பேசிப் பதிந்து அனுப்புவோம். மூன்று வயதில் பிரிந்து வந்தவளுக்கு அப்பா என்றால் கசெற்றில் வரும் குரல்தான்.

பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் அவளுடைய தமிழ் தாறுமாறாகிவிட்டது. ஆள் வந்தாலும் பஸ் வந்தாலும் அவளுக்கு 'வந்தது'தான். அங்கே மாமியார் வீட்டில் எல்லோரும் சுற்றியிருந்துதான் கசெற் கேட்பார்கள். பிள்ளையை இப்படியா வளர்த்தாள் என்று கதை வந்துவிடக் கூடாதே! பிழை வந்தால் நிறுத்தி, பின்னுக்குச் சுற்றி, திரும்பச் சொல்ல வைப்பேன். ஊருக்குப் போன கசெற்றுகளில் என் மகள் பண்டிதர்தான்.

ஒரு ஞாயிறு பதிந்துகொண்டிருக்கும்போது அவள் என்னிடம், "அப்பா எப்ப வரும்?" என்று கேட்டாள். நிறுத்தினேன்.

"வருவார் எண்டு சொல்லு."

மறுபடியும் 'வரும்'. நாலாம் தரம் நிறுத்தியபோது வாயை மூடிக்கொண்டாள். அதன்பின் மூன்று கிழமையாகத் தமிழே இல்லை. நான் என்ன கேட்டாலும் இங்கிலிஷில்தான் பதில். கணவருக்கு அந்த இங்கிலிஷ் பிடிபடாது. நாளைக்கு அவர் வந்து இறங்கினால் பெற்ற பிள்ளையோடு பேச முடியாமல் நிற்பாரே!

எதிர் வீட்டில் சிலி நாட்டுப் பெண் ஒருத்தி இருந்தாள். நான் வேலைக்குப் போனால் மகளைப் பார்த்துக்கொள்பவள் அவள்தான். ஒரு பின்னேரம் மகளைக் கூட்டிவரப் போனபோது, தன் அக்காவுக்கு அனுப்ப, சின்ன மகளோடு ஸ்பானிய மொழியில் கசெற் பதிந்துகொண்டிருந்தாள். சின்னவள் தடுமாறினாள். தாய் நிறுத்தவில்லை. தானும் ஏதோ சொல்லிவிட்டு, மேலே கதை கேட்டாள்.

பிழை விட்டால் திருத்தமாட்டாயா என்று என் அரைகுறை இங்கிலிஷில் கேட்டேன். அதையே தன் வாயால் சரியாகச் சொல்லிவிடுவாளாம். கேட்டுக் கேட்டுப் பிள்ளைக்குத் தானாக வருமாம். மூத்தவளைத்தான் சொல்லுக்குச் சொல் திருத்தினாளாம். இப்போது பெரியம்மா தொலைபேசியில் அழைத்தால் அவள் ரிசீவரைக்கூடத் தொடமாட்டாள் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தாள்.

செருப்பால் அடித்த மாதிரி இருந்தது எனக்கு. பிள்ளை கேட்டது அப்பாவை. நான் பார்த்தது மாமியார் வீட்டு மானத்தை.

அடுத்த ஞாயிறு மகளைக் கூப்பிடாமல் நானே பதியத் தொடங்கினேன். பிள்ளைக்கு ஒரு பல் விழுந்துவிட்டது என்று சொன்னபோது பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஒண்டு இல்லை, ரெண்டு," என்றாள்.

அப்பாடா என்று இருந்தது. மிச்சக் கசெற் முழுக்க அவள்தான். அத்தனை பிழைகளோடும் அனுப்பிவைத்தேன்.

பதில் வந்தது. கணவர் பேசியிருந்தார். "இவ்வளவு நாளும் ஆரோ பிள்ளை பாடம் ஒப்புவிக்கிற மாதிரி இருந்தது. இப்பதான் என்ரை பிள்ளை என்னோடை கதைச்சிருக்கு."

மறு வருடம் அவர் வந்தார். விமான நிலையத்திலிருந்து வீடு வரும்வரை மகளுக்கு வாய் ஓயவில்லை. பிழைகள் பலவும் வளர வளரத் தாமாகவே திருந்தின. சில இன்றைக்கும் அப்படியே இருக்கின்றன. அவற்றைக் கேட்டால் இப்போதும் என் நாக்கு துறுதுறுக்கும், ஆனால் அவள் என்ன சொல்ல வருகிறாள் என்பதைத்தான் முதலில் கேட்கிறேன்.