மூன்றாம் தூணுக்குப் பின்னால் பெரில்

பெரில் க்ரீன்வுட் எங்கள் மில் ஊரான கிராக்டேலில் முப்பது வருஷத்துக்கும் மேலாகப் பஸ் ஓட்டியவர். பள்ளத்தாக்கிலிருந்து மேட்டுக் குடியிருப்பு வரை அவர் பஸ்ஸில் போகாதவர்கள் ஊரில் இல்லை. அவரிடம் திட்டு வாங்காதவர்களும் இல்லை. "ஏறுறதுன்னா ஏறு, இல்ல கதவ விடு. குளிர் மொத்தத்தையும் உள்ள கூட்டிட்டு வராத!" என்று அவர் கீழே கத்தினால் பஸ்ஸின் மாடியில் தூங்குகிறவர் எழுந்துவிடுவார்.

அப்படிப்பட்டவருக்கு ஒரே ஒரு கூச்சம் இருந்தது. பாட்டு. சின்ன வயதில் பள்ளிக்கூடத்துப் பாட்டு டீச்சர் அவரிடம், "நீ வாய மட்டும் அசை, கண்ணு. சத்தம் வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு பெரில் யார் முன்னாலும் பாடியதில்லை. பிறந்தநாள் விழாவில் எல்லாரும் பாட ஆரம்பித்தால் கேக் வெட்டும் கத்தியைத் தேடுகிற சாக்கில் சமையலறைக்குப் போய்விடுவார்.

அவர் பாடியது ஒரே இடத்தில்தான். செயின்ட் வில்ஃப்ரிட் தேவாலயத்தில், தெற்குப் பக்கம் மூன்றாம் தூணுக்குப் பின்னால் இருந்த பெஞ்சில்.

அந்தத் தேவாலயம் விக்டோரியா ராணி காலத்தில் ஒரு மில் முதலாளி கட்டியது. முன்வரிசை அவர் குடும்பத்துக்கு, தூண்களுக்குப் பின்னால் தறி ஓட்டியவர்களுக்கு. பெரிலின் முன்னோர் தறி ஓட்டியவர்கள். முதலாளியின் வம்சம் ஊரை விட்டே போய்விட்டது, மில்லில் இப்போது அடுக்குமாடி வீடுகள் இருக்கின்றன. ஆனால் யாரும் இடம் மாறவில்லை. முன்வரிசைகள் காலியாகவே கிடந்தன. ஒருவர் இடத்தில் இன்னொருவர் தெரியாமல் உட்கார்ந்துவிட்டால், எங்கள் ஊரில் எழுந்திரு என்று சொல்ல மாட்டார்கள். பக்கத்தில் நின்று இருமுவார்கள்.

வெளியே பார்த்தால் மில் புகை படிந்து கறுத்த கட்டடம். உள்ளே போனால் பேச்சு தானாக நின்றுவிடும். சிவப்புக் கல்லும் பால்நிறக் கல்லும் மாறி மாறி ஏறுகிற சுவர்கள். ஒவ்வொரு தூணின் உச்சியிலும் வேறு வேறு இலைகள்: ஓக், ஐவி, பெரணி. அந்த இலைகளுக்கு மேலிருந்து வளைவுகள் கிளம்பிப் போய்க்கொண்டே இருக்கும். ஒருமுறை உள்ளே வந்துவிட்ட புறா ஒன்று, தான் வெளியேதான் இருப்பதாக நினைத்துக் கூரையடியில் பல நாள் நிம்மதியாகப் பறந்துகொண்டிருந்தது.

பெரிலின் தூண் ஒரு ஆளை முழுசாக மறைக்கும். யார் கண்ணிலும் படாதபோது யார் காதிலும் விழாது என்று அவர் நம்பினார். அங்கே உட்கார்ந்து தொண்டை கிழியப் பாடினார்.

பிறகு கழிவறைப் பேச்சு வந்தது. தேவாலயத்தில் கழிவறையே கிடையாது. பிரசங்கத்தின் நடுவில் வயதானவர்கள் சாலையைக் கடந்து எதிரே இருந்த பப்புக்கு ஓடினார்கள். கழிவறை வேண்டும் என்று சபைக் கூட்டத்தில் அதிகம் கத்தியவர் பெரில்தான். ஆனால் அது பாதுகாக்கப்பட்ட கட்டடம். ஒரு ஆணி அடிக்கவும் கட்டடக் குழுவிடம் அனுமதி வாங்க வேண்டும். குழு இடம் இடமாக மறுத்துக்கொண்டே வந்து, கடைசியில் ஒன்றுக்குத் தலையசைத்தது.

"அவங்க சரின்னு சொன்னது ஒரே இடந்தான், பெரில்," என்றார் பாதிரியார் பிலிப்பா, கையைப் பிசைந்துகொண்டு. "உங்க பெஞ்சு."

ஆர்கன் வாசிக்கும் டெரிக் சிரித்தார். "கேட்டது நீதானே? ஆண்டவர் செவி சாய்ச்சிட்டார்."

"உன் ஆர்கனத் தூக்கி அங்க வெச்சுட்டு, கழிவறைய உன் இடத்துல வெக்கலாமே, டெரிக். சத்தத்துல பெரிய வித்தியாசம் இருக்காது."

எல்லாரும் சிரித்தார்கள். பெரிலும் சிரித்தார். ஆனால் வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் தன் நிறுத்தத்தைத் தவறவிட்டார். இனி எங்கே பாடுவது? அதை யாரிடம் போய்ச் சொல்வது?

பெஞ்சைக் கழற்றுகிற நாளில் அவரும் போயிருந்தார். தச்சர்கள் பெஞ்சைத் தூக்கி, அதன் கீழே இருந்த மரத் தளத்தையும் பெயர்த்தார்கள். தூசி அடங்கியதும் எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். தூணின் அடி தெரிந்தது. வட்டமான தூண் சதுரக் கல்லில் உட்காருகிற இடத்தில், நான்கு மூலைகளிலும் நான்கு இலைகள் சுருண்டு கிடந்தன. நரம்பு நரம்பாகச் செதுக்கிய இலைகள். பிற்காலத்தில் பெஞ்சு போட்டவர்கள் அவற்றை மூடிவிட்டதால் ஒரு காலடிகூடப் படாமல், உளி இப்போதுதான் எடுக்கப்பட்டதுபோல் விளிம்புகள் கூராக இருந்தன.

பெரில் மண்டியிட்டு ஒரு இலையைத் தொட்டார். ஆயுள் முழுக்க இதன் மேல்தான் கால் வைத்து உட்கார்ந்திருக்கிறார். தறிக்காரர்கள் உட்காருகிற இருட்டு மூலையில், யார் பார்ப்பார்கள் என்று இவ்வளவு பாடுபட்டிருக்கிறான் ஒருவன்?

கட்டடக் குழுவின் திருமதி ஆன்ஸ்லி பக்கத்தில் வந்து குனிந்தார். அவர் குரல் கிசுகிசுப்பாகிவிட்டது. "இத மறுபடி மூடக் கூடாது. கழிவறை கோபுரத்துக்கு அடியில போகட்டும்."

"அப்ப பெஞ்சு?" என்றார் பெரில்.

"பெஞ்சும் இங்க திரும்ப வராது."

அடுத்த ஞாயிறு பெரிலுக்கு உட்கார இடமில்லை. பின்னால் எந்த வரிசைக்குப் போனாலும் அது ஒருவருடைய இடம். வேறு வழியில்லாமல் முன்வரிசையில் போய் உட்கார்ந்தார். அங்கே ஆள் இருப்பதைப் பார்த்த பிலிப்பாவுக்கு ஜெபத்தின் முதல் வரி மறந்துவிட்டது. பெரில் அண்ணாந்து பார்த்தார். பீடத்தின் மேல் நீலக் கூரை, அதில் தங்க நட்சத்திரங்கள், கிழக்கு ஜன்னலின் வண்ணக் கண்ணாடி வழியே வந்த சிவப்பு ஒளி தரையில் நீண்டு வந்து அவர் காலணிவரை. ஆராதனை நேரத்தில் இதை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. வாய் திறந்தபடி இருந்தார், ஆனால் பாடவில்லை.

அன்று பாட்டு குலைந்துபோனது. ஆர்கன் தொடங்கியும் யாரும் சேரவில்லை. பிறகு அங்கொருவர் இங்கொருவராக இழுத்தார்கள்.

ஆராதனை முடிந்ததும் டெரிக் ஓடி வந்தார். "உடம்பு சரியில்லையா?"

"ஏன்?"

"பாடலியே நீ! உன் குரலப் பிடிச்சுத்தானே எல்லாரும் பாட்டுல சேர்றாங்க. நானே உன்னக் கேட்டுத்தான் வேகத்த வெச்சுக்குவேன்."

பெரிலின் முகம் சிவந்தது. "நான் பாடறது கேக்குமா?"

"கேக்குமாவா! உன் தூணுக்குப் பின்னால ஒரு வளைவு இருக்கே, உன் குரல் அதுல பட்டு நேரா மேல போயி, கோயில் மொத்தமும் கொட்டுது. மைக் வெச்சாக்கூட இப்படிக் கேக்காது."

"சுருதி?"

"சுருதியப் பத்தி நான் வாயே திறக்கலையே."

"இத்தன வருஷமா ஒருத்தரும் எங்கிட்ட சொல்லல!"

"சொல்லியிருந்தா நிறுத்தியிருப்ப."

பெரில் தூணிடம் நடந்தார். முதல் தடவையாக அதற்கு முதுகைக் காட்டி நின்று மேலே பார்த்தார். வளைவின் மேல் வளைவு, அதற்கு மேல் இருட்டு. ஒளிந்துகொள்ளும் இடம் என்று அவர் நினைத்திருந்த மூலையிலிருந்து, ஒவ்வொரு ஞாயிறும் அவருடைய குரலை இந்தக் கற்கள் கைமாற்றிக் கைமாற்றி ஊருக்கே கொடுத்திருக்கின்றன. அவருக்கு வெட்கமும் வந்தது, கண்ணீரும் வந்தது. இரண்டில் எதற்கு இடம் கொடுப்பது என்று தெரியவில்லை.

அதற்கடுத்த ஞாயிறு, டெரிக் முதல் பாட்டுக்கு ஆர்கனைத் தொட்டதும், பெரில் முன்வரிசையிலிருந்து எழுந்தார். எல்லாரும் பார்க்க நடுவழியே நடந்துபோய், மூன்றாம் தூணுக்கு முன்னால் நின்று முதல் வரியைப் பாடினார். ஊர் அவர் பின்னால் சேர்ந்துகொண்டது.