தலையில் ஏறிய அரை மூட்டை

அன்று மதியம் வீட்டில் இருந்தது நான், அம்மா, தங்கச்சி, அத்தாவோடு சுமை தூக்கும் மாமா. அத்தா, அதாவது அப்பா, மட்டும் இல்லை. வல்லார்பாடம் துறைமுகத்தில் கன்டெய்னர் வேலைக்குப் போயிருந்தார். அவர் இருந்திருந்தால் அது நடந்திருக்காது.

கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு சுக்குக் கிடங்குக்கு மேலே ஒற்றை அறைதான் எங்கள் வீடு. எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். இப்போது பி.காம். பாடமெல்லாம் போனில். அந்தப் பழைய போன் சார்ஜில் இருந்தால்தான் உயிரோடு இருக்கும். பிளக் பாயின்டோ தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில். வயரும் குட்டை. அதனால் போன் தரையில் கிடக்கும், நான் அதன்மேல் கவிழ்ந்து கிடப்பேன். கழுத்து வலி வந்து மாதக்கணக்காகிவிட்டது. மூட்டை தூக்குகிறவர் வீட்டில், உட்கார்ந்து படிக்கிறவன் கழுத்து வலிக்கிறது என்று எப்படிச் சொல்வது?

அன்று தாங்காமல் அம்மாவிடம் சொன்னேன். சாயா குடிக்க வந்திருந்த மாமா கேட்டுவிட்டார்.

"ஏண்டா, நாங்க சுக்கு மூட்டை தூக்குறோம். நீ என்ன, பாடத்தைத் தலையிலயா தூக்குற?"

"போன் நூத்தம்பது கிராம் இருக்கும் மாமா" என்று தங்கச்சி சிரித்தாள்.

"இவனுக்கு அதுவே ஓவர் லோடு."

அம்மா சிரிக்கவில்லை. "கிண்டல் போதும்ணே. ஒரு வழி சொல்லுங்க."

சுமைக்காரர்களிடம் ஒரு வழி உண்டு. புதிதாக வேலைக்கு வருகிறவனுக்குக் கழுத்து பிடித்துக்கொண்டால் படுக்க விடமாட்டார்கள். அரைச்சுமையைத் தலையில் ஏற்றி நடக்க வைப்பார்கள். கழுத்து தானாக நிமிர்ந்து உட்காருமாம். கீழேயிருந்து அரை மூட்டை சுக்கு வந்தது. மாமா துண்டைச் சுருட்டிச் சும்மாடு வைத்தார். "நேராப் பாத்து நட. ராஜா மாதிரி நட."

வாசல் வரை நன்றாகத்தான் இருந்தது. திரும்பும்போது கழுத்துக்குள் ஏதோ சுரீரென்று இழுத்து, தோள் வழியாக வலது கைக்குள் ஓடியது. மூட்டையைத் தள்ளிவிட்டேன். கட்டைவிரலும் அடுத்த விரலும் என்னுடையவையாக இல்லை. கிள்ளினேன், தெரியவில்லை.

மாமா ஒரு பேனாவைக் கொடுத்தார். விழுந்தது. எடுத்துக் கொடுத்தார். மறுபடியும் விழுந்தது. தங்கச்சியின் சிரிப்பு நின்றுவிட்டது.

நாலு பேருக்கும் ஒரே ஆள்தான் ஞாபகம் வந்திருப்பார். சுள்ளிக்கல் பஸ் ஸ்டாப்பில் லாட்டரி விற்கிறவர். ஒரு காலத்தில் அத்தாவோடு மூட்டை தூக்கியவர். முதலில் கழுத்து போனது, பிறகு வலது கை போனது. இப்போது இடது கையால்தான் சீட்டு எடுத்துக் கொடுக்கிறார். வலது கை சும்மா தொங்கும். எனக்கு அடுத்த மாதம் பரீட்சை. பாடம் போனில் என்றாலும் பரீட்சையைக் கையால்தான் எழுத வேண்டும்.

பள்ளுருத்தியில் ஓர் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போனோம். ஒவ்வொரு குழியிலும் அம்மா என் தலையை இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்தாள். நான் விரல்களை அசைத்துக்கொண்டே போனேன். நிறுத்தினால் நின்றேபோகும் என்று பயம்.

அத்தா தோளில் தோர்த்துத் துண்டோடு நேராக ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டார். என் தலையைத் தடவினார். கையை மூக்கருகே கொண்டுபோனார். சுக்குத் தூள்.

"யாரு ஏத்துனது?"

"நான்தான். நமக்கெல்லாம் பண்றதுதானே..." என்று மாமா இழுத்தார்.

"நமக்குப் பண்றதை இவனுக்குப் பண்ணக்கூடாதுன்னுதானடா நான் தூக்கிட்டிருக்கேன்."

மெதுவாகத்தான் சொன்னார். கத்தியிருந்தால் என் பயம் கொஞ்சம் குறைந்திருக்கும்.

ஸ்கேன் படத்தைப் பார்த்து டாக்டர் சொன்னார்: நரம்பு நசுங்கியிருக்கிறது, அறுந்துவிடவில்லை. குனிந்து குனிந்து கெட்டுப்போன கழுத்தில் சுமையும் ஏறியிருக்கிறது. இனி போன் கண்ணுக்கு நேராக இருக்க வேண்டும்.

"விரல் சரியாயிடுமா?" என்றார் அத்தா.

"ஆகும். எப்போன்னு சொல்ல முடியாது."

பேனாவில் துணி சுற்றித் தடிமனாக்கி, பரீட்சை எழுதினேன். ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் கட்டைவிரலைக் கிள்ளிப் பார்த்தேன். கடைசிப் பரீட்சையில் லேசாக வலித்தது. அழுகை வந்துவிட்டது.

ஆட்டோ, ஸ்கேன், மாத்திரை, கழுத்துப்பட்டை, பிசியோதெரபி, போனை ஜன்னல் திட்டில் வைப்பதற்காக அத்தா வாங்கி வந்த நீள வயர் உட்பட, மொத்தச் செலவு ஒன்பதாயிரத்து நானூற்று எண்பது ரூபாய். அதில் வயர் நூற்று எண்பதுதான்.